பழைய பொத்தான் தொலைபேசியைச் செப்பனிடுதல்

பொத்தான்களை அழுத்தி எண்களை அனுப்பும் தொலைபேசிக் கருவி இந்தியாவின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இல்லங்களிலும் பெருமளவில் பரவியது 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலுமாகும். அக்கருவிகளுள் பல இன்று பேசா நிலையில் அலமாரிகளில் கிடக்கின்றன. அவ்வாறு கிடப்பதொன்றைத் திறந்து பார்த்தால், உள்ளுறுப்புகளில் ஏதேனும் எரிந்தோ உடைந்தோ போயிருப்பது அரிது. தொட வேண்டிய இரு பரப்புகள் நன்கு தொடாமலிருப்பதே பெரும்பாலும் காரணம். இத்தகைய குறையை நீக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதை மூடியைக் கழற்றுமுன்பே காதினால் கேட்டு அறியும் முறைதான் வேண்டும். அம்முறையையே இப்பாடம் விளக்குகிறது.

இதில் களப்பணியாளர்க்கு நேரடியான பயன் ஒன்றுண்டு. செம்புக் கம்பி இணைப்பில் உள்ள எளிய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. அதற்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கல அடுக்கிலிருந்து, பேச்சைச் சுமந்து செல்லும் அதே இரு கம்பிகளின் வழியே வருகிறது. புயலிலோ வெள்ளத்திலோ மின்வழங்கல் நின்று, செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிட்ட வேளையில், கம்பி அறுபடாமலும் நிலையம் இயங்கியும் இருக்குமாயின் இக்கருவி பேசும். பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ உள்ள அத்தகைய கருவியொன்று, ஒரு பொத்தானின் கீழ் படிந்த அழுக்கின் பொருட்டுக் குப்பைக்குச் செல்வது பொருத்தமன்று. ஒளியிழை இணைப்புகளுக்கு இது அப்படியே பொருந்தாது. அதனை இறுதியில் காண்போம்.

கம்பியில் உள்ள மின்சாரம்

ரிசீவர் தொட்டிலின்மேல் இருக்கும்போது இரு கம்பிகளுக்கிடையே ஏறக்குறைய 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் நிற்கிறது. ரிசீவரை எடுத்தவுடன் கருவியின் வழியே மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. அதன் அளவு பெரும்பாலும் 20 முதல் 40 மில்லியாம்பியர். அப்போது கருவியின் முனைகளில் எஞ்சுவது 6 முதல் 12 வோல்ட் வரையே. இவ்வாறு மின்னோட்டம் பாய்வதைக் கண்டே, சந்தாதாரர் ரிசீவரை எடுத்துவிட்டார் என நிலையம் உணர்ந்து டயல் ஒலியை அனுப்புகிறது.

அழைப்பு வரும்போது நிலைமை வேறு. மணியை ஒலிக்கச் செய்வதற்கென்று 75 வோல்ட் அளவுள்ள, விநாடிக்கு 25 சுற்றுகள் கொண்ட மாறுதிசை மின்சாரம் அதே கம்பிகளில் அனுப்பப்படுகிறது. 48 வோல்ட்டை உலர்ந்த விரல்கள் உணர்வது அரிது. மணி மின்சாரமோ கையைச் சுரீரெனத் தாக்கும். ஈரக் கையில் இன்னும் கடுமையாக. ஆகையால் மூடியைத் திறக்குமுன் சுவரிலுள்ள இணைப்பிலிருந்து கருவியைப் பிரித்துவிட வேண்டும். யாரும் அழைக்கமாட்டார்கள் என்று நம்பி வேலை செய்யலாகாது. இடியும் மின்னலும் உள்ளபோது இக்கம்பியை எக்காரணம் கொண்டும் தொடலாகாது; வெட்டவெளியில் பல பர்லாங் தூரம் ஓடி வரும் கம்பி அது. சுவர்ப்பெட்டி வரையிலான கம்பியும் பெட்டியும் சேவை வழங்குவோருக்கு உரியவை. நாம் செப்பனிடுவது அப்பெட்டிக்கு இப்பால் உள்ளதை மட்டுமே.

திறக்குமுன் கேட்டல்

முதற் சோதனைக்குத் திருப்புளியும் வேண்டாம். நன்றாக இயங்கும் வேறொரு கருவியை இரவல் பெற்று அதே இணைப்பில் பொருத்திப் பார்க்க வேண்டும். அதுவும் பேசவில்லையெனில் குறை கம்பியில் உள்ளது. நம் கருவியைத் திறப்பதால் பயனில்லை. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்து மேசையில் பரப்பியவர்கள் எத்தனையோ பேர்.

இரவல் கருவி பேசினால், நம் கருவியை மீண்டும் பொருத்தி ரிசீவரை எடுத்துக் கேட்க வேண்டும். டயல் ஒலி இருக்கிறதா? இருப்பின், வாய்ப்பகுதியில் மெல்ல ஊதினால் அவ்வோசை நம் காதிலேயே கேட்கிறதா? கேட்டால் ஒலிவாங்கி, செவிப்பகுதி, சுருள் கம்பி, பேச்சுச் சுற்று ஆகிய நான்கும் நலமாயிருக்கின்றன என்று ஒரே மூச்சில் அறிந்துகொள்கிறோம். டயல் ஒலி கேட்டும் ஊதும் ஓசை கேட்கவில்லையெனில் ஒலிவாங்கியையோ அதற்குச் செல்லும் கம்பியையோ ஐயுறலாம்.

டயல் ஒலியே இல்லையெனில், தொட்டிலிலுள்ள குமிழை விரலால் சில முறை அழுத்தி விட வேண்டும். அவ்வாறு செய்கையில் ஒலி விட்டு விட்டு வருமாயின் கொக்கி ஸ்விட்ச் அழுக்கடைந்துள்ளது. ரிசீவரைக் கொக்கியில் தொங்கவிட்ட காலத்திலிருந்து வந்த பெயர் அது. கொக்கி மறைந்து நெடுங்காலமாயினும் பெயர் மறையவில்லை. பெயர்களைப் பற்றிச் சொல்ல நேர்ந்தமையால் மற்றொன்று. காதில் வைத்துப் பேசும் பகுதிக்குக் கைப்பேசி என்பது இயல்பான பெயராக இருந்திருக்கும். அப்பெயரைச் செல்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. எனவே மக்கள் வழங்கும் ரிசீவர் என்னும் சொல்லையே இங்குக் கையாளுகிறோம்.

கொக்கி ஸ்விட்சைத் தூய்மை செய்தல் எளிது. பழைய வகைகளில் மெல்லிய உலோகப் பட்டைகள் அடுத்தடுத்து நின்று, ரிசீவரை எடுக்கும்போது முனையில் ஒன்றையொன்று தொடும். முகவரி அட்டை போன்ற தடித்த தாளை ஒல்லியாக நறுக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அம்முனைகளுக்கிடையே செருகி, பட்டைகளை இலேசாக அழுத்திப் பிடித்துத் தாளை வெளியே இழுக்க வேண்டும். தாளில் கருங்கோடு படியும். கோடு படியாமல் தாள் வெண்மையாக வரும் வரை திரும்பச் செய்யலாம். உப்புத்தாளால் தேய்ப்பது பெருந்தீங்கு. தொடும் முனைகளின்மேல் துருப்பிடிக்காத உலோகம் மெல்லிய பூச்சாக இடப்பட்டுள்ளது. அப்பூச்சு போய்விட்டால் அன்று ஸ்விட்ச் நன்றாக வேலை செய்யும். அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் கெடும், பிறகு அதனைச் சீர்ப்படுத்த இயலாது. முழுவதும் மூடிய சிறு ஸ்விட்சாக இருப்பின் திறக்க முயலாமல் புதியதை வாங்கி மாற்றுவதே சிக்கனம்.

பொத்தான் பலகை

பொத்தான் தொலைபேசியின் தனித்தன்மை அதன் பலகையில்தான் உள்ளது. குறைகளும் அங்கேதான் மிகுதி. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பலகையில் நான்கு கிடைவரிசைகளும் மூன்று நிரல்களும் உள்ளன. பன்னிரண்டு பொத்தான்களுக்குப் பன்னிரண்டு தனித்தனிக் கம்பிகள் இல்லை. வரிசைக்கு ஒன்றும் நிரலுக்கு ஒன்றுமாக ஏழே கம்பிகள் உள்ளன. ஒரு பொத்தானை அழுத்தும்போது அதன் வரிசைக் கம்பியும் நிரற் கம்பியும் இணைகின்றன. எந்த இரண்டு இணைந்தன என்பதைக் கண்டு சில்லு எண்ணை அறிகிறது. 5 என்னும் பொத்தான் இரண்டாம் வரிசையும் இரண்டாம் நிரலும் சந்திக்குமிடம். வேறெந்தப் பொத்தானும் அவ்விரண்டையும் சேர்ப்பதில்லை.

இவ்வமைப்பை மனத்திற்கொண்டால் பழுதைக் கண்டறிவது ஒரு கணக்குப் போல அமைகிறது. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, வேலை செய்யாதவற்றைத் தாளில் குறிக்க வேண்டும். ஒரே ஒரு பொத்தான் மட்டும் இயங்கவில்லையெனில் அதன் கீழுள்ள தொடுபரப்பில் அழுக்கோ தேய்வோ உள்ளது. 4, 5, 6 ஆகிய மூன்றும் ஒருங்கே இயங்கவில்லையெனில் மூன்று பொத்தான்களும் ஒரே நாளில் தேய்ந்தன என்று கொள்வது அறிவுக்குப் பொருந்தாது. அவை மூன்றுக்கும் பொதுவான வரிசைக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. 2, 5, 8, 0 ஆகிய நான்கும் ஒருங்கே ஓய்ந்தால் நடு நிரலின் கம்பி. பலகைக்கும் முதன்மைச் சுற்றட்டைக்கும் இடையே தட்டையான நாடாக் கம்பி செல்லும். அறுந்த இடம் பெரும்பாலும் அந்நாடா பற்றவைக்கப்பட்ட முனையிலேயே இருக்கும். எந்தப் பொத்தானும் இயங்கவில்லையெனில், ஒன்று கீழே அமிழ்ந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பொத்தான் எந்நேரமும் அழுந்தியிருந்தால் மற்றவற்றைச் சில்லு ஏற்பதில்லை. தேநீர் சிந்திய கருவிகளில் இது வழக்கமான நிகழ்ச்சி. வெளியூர் அழைப்புகள் பெரும்பாலும் 0-வில் தொடங்கியமையால், அலுவலகக் கருவிகளில் 0 பொத்தான் முன்னதாகத் தேய்ந்திருப்பதும் இயல்பே.

வகுப்பில் கரும்பலகையில் இச்சதுரத்தை வரைந்து, “7, 8, 9 இயங்கவில்லை, குறை எங்கே?” என்று கேட்டால், மின்சாரம் பற்றி எதுவும் படியாத மாணவனும் விடை சொல்லக் கூடும். அணிகளைப் பற்றிப் பாடம் நடத்தும் கணித ஆசிரியர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

தொடுபரப்பைத் தூய்மை செய்வதற்கு அடித்தட்டின் திருகுகளைக் கழற்றிப் பலகையைப் பிரிக்க வேண்டும். திருகுகளுள் ஒன்று பெயர்த்தாளின் அடியிலோ ரப்பர்க் காலின் அடியிலோ ஒளிந்திருப்பதுண்டு. மூடி வரவில்லையெனில் நெம்பாமல் அதனைத் தேடுக. உள்ளே பொத்தான்களின் அடியில் ஒரே விரிப்பாக ரப்பர்த் தகடு இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராக அதில் ஒரு கரும்பொட்டு உண்டு. கரித்தூள் கலந்த ரப்பராதலால் அது மின்சாரத்தைக் கடத்தும். அதன் எதிரே சுற்றட்டையில், இரு கைகளின் விரல்களைத் தொடாமல் கோத்தது போன்ற இரு தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பொட்டு அவற்றின்மேல் அழுந்தும்போது இரு தடங்களும் இணைகின்றன.

ரப்பரிலிருந்து காலப்போக்கில் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து பொட்டின்மேல் படிகிறது. தூசி அதில் ஒட்டிக்கொள்கிறது. தூய்மையான பொட்டை அழுத்தித் தடங்களுக்கிடையே மின்தடையை அளந்தால் சில நூறு ஓமுக்குள் இருக்கும். அழுக்கடைந்ததில் பல ஆயிரம் ஓம் காட்டும். சில்லு அதனை இணைப்பாகவே கருதாது. மிகவும் பலமாக அழுத்தினால்தான் எண் விழுகிறது, ஒருமுறை அழுத்தினால் இருமுறை விழுகிறது என்னும் குறைகளும் இதன் விளைவே.

ரப்பர்த் தகட்டை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, நிழலில் முற்றிலும் உலர்த்தலாம். சுற்றட்டையின் தடங்களை, ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் ஒரே திசையில் மெல்லத் துடைக்க வேண்டும். தடங்கள் கருநிறமாயிருப்பின் அவையும் கரிப்பூச்சே. அழுத்தித் தேய்த்தால் பூச்சு பஞ்சோடு வந்துவிடும். பெட்ரோல், பெயின்ட் தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகியவற்றைக் கருவியின் அருகே கொண்டுவரலாகாது. அவை பிளாஸ்டிக் உடலைக் கரைத்தோ வெடிக்கச் செய்தோ கெடுக்கும்.

கழுவிய பின்னும் ஒரு பொட்டு கடத்தவில்லையெனில் மென்மையான பென்சிலின் கரியை அதன்மேல் தேய்ப்பது கடைத்தெருவில் வழங்கும் உபாயம். அது பலனளிக்கும், நெடுநாள் நிற்காது. அதே வகைக் கருவி வேறொன்று உதிரியாகக் கிடைத்தால் அதன் ரப்பர்த் தகட்டை எடுத்துப் பொருத்துவதே நிலையான வழி. இதன்பொருட்டே, முற்றிலும் கெட்ட கருவியையும் உடனே எறிந்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.

துடிப்பும் தொனியும்

பொத்தான்கள் யாவும் நன்றாக இருந்தும் எண் செல்லாத நிலை ஒன்றுண்டு. அதனைப் புரிந்துகொள்ளச் சிறிது வரலாறு வேண்டும்.

சுழல்வட்டுக் கருவியில் எண்கள் துடிப்புகளாகச் செல்லும். 3-ஐச் சுழற்றினால் மின்னோட்டம் மும்முறை அறுந்து இணையும். 0-க்குப் பத்து முறை. துடிப்புகளின் வேகம் விநாடிக்குப் பத்து. நம் நாட்டில் 1913-14இல் சிம்லாவில் அமைக்கப்பட்ட முதல் தானியங்கி நிலையம் தொடங்கிப் பல பத்தாண்டுகள், தானியங்கி நிலையங்கள் துடிப்புகளை எண்ணியே இணைப்புத் தந்தன. தொனிகளால் எண்ணை அனுப்பும் முறை அமெரிக்காவில் 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அப்போது பொத்தான்கள் பத்தே. நட்சத்திரக்குறியும் ஹாஷ்குறியும் 1968இல் சேர்ந்தன.

தொனி முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணும், ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் உயர்ந்த அதிர்வெண்ணும் உரியவை. வரிசைகளுக்கு மேலிருந்து 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நிரல்களுக்கு இடமிருந்து 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5-ஐ அழுத்தினால் 770-உம் 1336-உம் சேர்ந்து ஒலிக்கும். ஒரே தொனியாக இருந்தால் பேச்சிலோ சீழ்க்கையிலோ அது தற்செயலாக நேரக்கூடும் என்பதால் இரண்டு வைத்தனர். அவற்றையும் ஒன்று மற்றொன்றின் மடங்காக அமையாதவாறு தெரிந்தெடுத்தனர்.

இந்தியாவில் பொத்தான் கருவிகள் பரவத் தொடங்கியபோது, நாட்டின் பல நிலையங்கள் இன்னும் துடிப்புகளை மட்டுமே அறிந்தவையாக இருந்தன. எனவே பொத்தானை அழுத்தினாலும் உள்ளே சில்லு அவ்வெண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, சுழல்வட்டைப் போலவே துடிப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பியது. எண்களை விரைந்து அழுத்தி முடித்த பின்னும் காதில் ‘டக் டக்’ என்று நெடுநேரம் கேட்டதற்குக் காரணம் இதுவே. அதனைப் பழுது என்று எண்ணியவர் பலர்.

பல கருவிகளின் அடியிலோ பக்கத்திலோ ‘பி’, ‘டி’ என்னும் ஆங்கில எழுத்துகள் பொறித்த சிறு ஸ்விட்ச் உண்டு. முன்னது துடிப்பு, பின்னது தொனி. பொத்தானை அழுத்தும்போது ‘டக் டக்’ என்று கேட்டு, டயல் ஒலி நிற்காமல் தொடருமாயின் முதலில் இதனைத் தொனிப் பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு செயலாலேயே உயிர்பெறும் கருவிகள் உண்டு. துடிப்பை ஏற்கும் இணைப்பாயின் மற்றொரு சோதனையும் செய்யலாம். தொட்டிலின் குமிழை மும்முறை விரைவாகத் தட்டினால் 3 என்னும் எண் செல்லும். தட்டினால் டயல் ஒலி நின்று, பொத்தானை அழுத்தினால் நிற்கவில்லையெனில், குறை பலகைக்கும் சில்லுக்கும் இடையில் உள்ளது என்பது உறுதி.

பொத்தான் பலகை தூய்மையாக இருந்தும் எந்தத் தொனியும் எழவில்லையெனில் சில்லின் அருகிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தைக் காண்க. தொனிச் சில்லுகள் பெரும்பாலானவற்றில் அதன்மேல் 3.579545 அல்லது 3.58 என்று பொறித்திருக்கும், அலகு மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியில் நிறத்திற்கெனக் கொண்ட அதிர்வெண் அது. அப்பெட்டிகளுக்காக இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு மலிவாகக் கிடைத்தமையால், தொலைபேசிச் சில்லுகளும் அதனையே அடிப்படையாகக் கொண்டன. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை வேறாயினும், நம் மேசைத் தொலைபேசிகளின் உள்ளே இவ்வெண் அமர்ந்திருப்பது இவ்வாறுதான். கருவி மேசையிலிருந்து விழுந்தால் இப்படிகத்தின் கால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடுவதுண்டு. மறுபடி பற்றவைத்தால் பெரும்பாலும் போதும்.

கம்பி, ரிசீவர், மணி

பேசும்போது கரகரப்பு எழுந்தால், சுருள் கம்பியை இரு முனைகளிலும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். ஓசை மாறினால் கம்பி உள்ளே அறுந்துள்ளது. இக்கம்பியை வெட்டிப் பற்றவைக்க முயல்வோர் ஏமாறுவர். அதனுள் இருப்பது சாதாரணக் கம்பியன்று. நூலின்மேல் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றிய இழைகள். எண்ணற்ற முறை இழுபட்டும் அறாதிருக்க அவ்வாறு செய்துள்ளனர். சூடுபட்டால் நூல் கருகும். ஈயமும் சரியாகப் பிடிக்காது. புதிய சுருள் கம்பி வாங்கி மாற்றுவதே தகும்.

செவிப்பகுதியை ஐயுற்றால் அதன் இரு முனைகளையும் 1.5 வோல்ட் பென்சில் மின்கலத்துடன் கணநேரம் தொடச் செய்க. ‘டிக்’ என்று கேட்டால் நன்று. பழைய கரித்தூள் ஒலிவாங்கியில் குரல் மங்கியிருந்தால், தூள் இறுகியிருக்கிறது. ரிசீவரை உள்ளங்கையில் சில முறை தட்டினால் தூள் தளர்ந்து குரல் தெளியும். பின்னர் வந்த எலக்ட்ரெட் ஒலிவாங்கிக்கு இவ்வைத்தியம் பயன்படாது. அதனை மாற்றும்போது நேர்முனை, எதிர்முனை மாறாமல் கவனித்தல் வேண்டும்.

பேச்சு நன்றாயிருந்தும் மணி மட்டும் ஒலிக்கவில்லையெனில், மணியின் ஓசையளவை மாற்றும் ஸ்விட்ச் ‘நிறுத்தம்’ நிலையில் உள்ளதா என்பதை முதலில் பார்க்க. இல்லையெனில் மணிச் சுற்றுக்கு முன்னுள்ள மின்தேக்கியை மாற்றிப் பார்க்கலாம். நேர்திசை மின்சாரத்தைத் தடுத்து மணி மின்சாரத்தை மட்டும் விடுவது அதன் வேலை. நினைவு எண்களுக்காகப் பென்சில் மின்கலம் வைத்த கருவிகளில், கலம் கசிந்து வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பின் அதனை அகற்றி, பட்டைகளைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

கருவியை இணைப்பில் செருகியவுடன் வீட்டிலுள்ள மற்றக் கருவியும் ஊமையாகிவிடுமாயின் இடியின் வேலை எனக் கொள்ளலாம். கம்பிகள் எம்முறையில் இணைந்தாலும் சில்லுக்குச் சரியான திசையில் மின்னோட்டம் செல்வதற்காக நான்கு டையோடுகளைப் பாலமாக அமைத்துள்ளனர். இப்பாலமோ, மிகை மின்னழுத்தத்தைத் தாங்க அதன் அருகே வைத்த காப்புறுப்போ இடி மின்னலில் குறுக்கிணைந்துவிடும். கொக்கி ஸ்விட்சுக்கு முன்னரே பாலம் உள்ள கருவிகளில், ரிசீவர் தொட்டிலில் இருக்கும்போதே நிலையம் அதனை எடுத்ததாகக் கருதும். கருவியைப் பிரித்து, ரிசீவரைத் தொட்டிலில் வைத்து, இணைப்பு முனைகளில் மின்தடையை அளக்க. மிகப் பெரிய தடை காட்ட வேண்டும். சில ஓம் மட்டுமே காட்டினால் டையோடுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். நல்ல டையோடு ஒரு திசையில் 0.6 வோல்ட் அளவு காட்டும், மறுதிசையில் கடத்தாது; கெட்டது இரு திசையிலும் சுழி காட்டும். இப்பாலம் இல்லாத பழைய அமெரிக்கக் கருவிகளில் கம்பிகள் இடம் மாறினால் பேச்சு நன்றாயிருக்கும், பொத்தான்கள் மட்டும் ஊமையாகும். அவற்றில் இரு கம்பிகளையும் மாற்றிப் பொருத்துவதே மருந்து.

மேசைமேல் சோதனை

செப்பனிட்ட கருவியை உடனே தொலைபேசிக் கம்பியில் இணைக்காமல் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து, 470 ஓம் தடை ஒன்றையும் தொடராகச் சேர்த்து, கருவியின் இரு முனைகளுக்கும் தருக. ஏறக்குறைய 20 மில்லியாம்பியர் பாயும். நிலையத்திலிருந்து கிடைக்கும் அளவுக்கு அது நெருங்கியது. ரிசீவரில் ஊதினால் கேட்கும். பொத்தானை அழுத்தினால் தொனி எழும். மூன்று மின்கலங்களும் அதே தடையும் கொண்டு இரு கருவிகளைத் தொடராக இணைத்தால் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பேசலாம். மணி மட்டும் ஒலிக்காது. அதனை ஒலிக்கச் செய்ய வீட்டு மின்சாரத்தைப் பயன்படுத்த எவரேனும் யோசனை கூறினால் செவிசாய்க்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

இவ்வமைப்பில் அபாயம் ஏதுமில்லாமையால் வகுப்பறைக்கு உகந்தது. ஒலியின் அதிர்வெண்களை வரைந்து காட்டும் செயலி செல்பேசிகளுக்குக் கிடைக்கிறது. ரிசீவரை அதனருகே வைத்து 5-ஐ அழுத்தினால் 770-இலும் 1336-இலும் இரு முகடுகள் எழுவதை மாணவர் கண்ணால் காண்பர். பின்னர் ஆசிரியர் மறைவாக ஒரு பொத்தானை அழுத்த, முகடுகளைக் கொண்டு எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். நிலையம் செய்வதும் அதுவே.

இறுதியாக, ஒளியிழை இணைப்பு. செம்புக் கம்பி அகற்றப்பட்ட இடங்களில் தொலைபேசியை ஒளியிழை மோடத்தின் துளையில் செருகுகின்றனர். நல்ல நிலையிலுள்ள பழைய கருவி அதில் பேசும். ஆயினும் பல மோடங்கள் துடிப்புகளை ஏற்பதில்லை. தொனி அனுப்ப இயலாத கருவியால் அங்கே அழைப்பை ஏற்கலாம், அழைக்க இயலாது. துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு பெட்டிகள் விற்பனையில் உள்ளன. இரும்பு மணி கொண்ட கருவிகள் இரண்டு மூன்றை ஒரே துளையில் சேர்த்தால் மணியோசை நலிவதும் உண்டு. மின்சாரம் நின்றால் மோடமும் நிற்கும். அதனோடு தொலைபேசியும் நிற்கும். மோடத்திற்கு மின்கலத் துணை அமைத்துள்ள அலுவலகங்களில், புயற்பருவம் தொடங்குமுன் ஒருநாள் முதன்மை ஸ்விட்சை நிறுத்திவிட்டு, ரிசீவரை எடுத்து டயல் ஒலி கேட்கிறதா என்றும், கேட்பின் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்றும் குறித்து வைத்துக்கொள்க.